தூதருக்குக் கால் வலி

அந்தச் சபையில் யாரும் யாரையும் "வாங்க" என்று சொல்வதில்லை. "வீட்டுக்கு நல்வரவு" என்பார்கள். கார் நிறுத்தும் இடத்தில் ஒளிரும் குச்சியை ஆட்டிக்கொண்டு நின்றவர் சொன்னார். கதவைப் பிடிப்பதற்கென்றே நின்ற இருவர், ஆளுக்கொரு கதவாகப் பிடித்துக்கொண்டு, சேர்ந்து சொன்னார்கள். கழிவறை எங்கே என்று கேட்டபோதுகூட, அதைச் சொல்லிவிட்டுத்தான் வழி காட்டினார்கள். லிஃப்ட்காரனுக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது. அரைமணி நேரத்துக்கு முன்புதான் அவன் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பியிருந்தான்.

லிஃப்ட்காரன் என்பது குடியிருப்பில் வைத்த பெயர். இன்ஜினியரிங் படித்தவன். லிஃப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனியில் வேலை. மனைவி போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனவள். அதற்குமேல் அவன் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. சொல்வதற்கும் எதுவும் வருவதில்லை. அழுகையும் வரவில்லை. தலையில் யாரோ மின்சாரத்தை நிறுத்திவிட்டது போல இருந்தான். வேலைக்குப் போனான், வந்தான்.

ஆறு நாள் கணவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் ஆண்டவருக்கு. கல்யாணத்துக்கு முன்பே பேசி முடித்த ஒப்பந்தம் அது. அதை அவன் ஒருநாளும் மீறியதில்லை. பொறாமைப்படாமல் இருந்ததும் இல்லை. அவன் ஆபீஸ் விருந்துக்குக் கிளம்பும்போது கண்ணாடியை ஒரு பார்வை பார்ப்பவள், ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் முன்னால் குடியிருப்பாள். மத்தியானம் ஒரு கையில் பால் பாக்கெட்டும் வாயில் ஏதோ ஒரு பாட்டின் முனகலுமாகத் திரும்பி வருவாள். முகம் விளக்குப் போட்ட மாதிரி இருக்கும். அந்த வெளிச்சத்தில் தன் பங்கு எவ்வளவு என்பது அவனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

"அப்படி யார்தான் இருக்கா அங்க?" என்று ஒருமுறை கேட்டான்.

"ஆண்டவர்."

"அவரைத் தவிர?"

"டிரம்ஸ் வாசிக்கிறவர் இருக்கார். சுருட்டை முடி."

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். அவன் அந்தச் சுருட்டை முடியைப் பல ஞாயிற்றுக்கிழமைகள் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இப்போது அவனை இங்கே வரவைத்தது மச்சினி. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருபவள். யாரிடமும் மெதுவாகப் பேசத் தெரியாது. கூட வேலை பார்ப்பவளோடு ஒருநாள், அக்கா போய்வந்த இந்தச் சபைக்கு வந்துவிட்டு, வாசலில் இருந்தே போன் செய்தாள்.

"மாமா, உக்காந்திருக்கீங்களா?"

"சொல்லு."

"அக்கா இன்னும் இங்க பாடறா."

அவன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தான்.

"நிஜமா மாமா! மேடையில யாரும் வாயைத் திறக்கல, ஆனா அக்கா குரல் வருது. பதிவு பண்ணி வச்சிருக்காங்க போல. ஜனங்களுக்கு அது தெரியல. தேவதூதர் பாடறார்னு சொல்றாங்க. அழறாங்க. முன்வரிசையில ஒரு அம்மா சாஞ்சே போயிட்டாங்க. எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு, எங்கக்காடீ அதுன்னு!"

அவனிடம் மனைவியின் குரல் ஒரே ஒரு வீடியோவில் இருந்தது. யார் வீட்டிலோ பிறந்தநாள். அதில் அவள் தெரியமாட்டாள். "கேமராவை நேரா பிடிங்க" என்று மட்டும் கேட்கும். அவன் அதைத் தேயத் தேயக் கேட்டிருந்தான். பாடியது ஒன்றும் அவனிடம் இல்லை. வீட்டில் முனகலோடு சரி. பாட்டெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்காரருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்தக் குரலில் ஒரு நகல் வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். அவ்வளவுதான் அவன் வந்த காரியம்.

முதலில் அவன் மணிக்கட்டில் பச்சை வளையம் மாட்டினார்கள். புதியவன் என்பதற்கு அடையாளம். பச்சை வளையத்தைக் கண்டதும் அணைப்புக் குழு வந்து அணைத்தது. குழுவில் நான்கைந்து பேர். ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர்ந்தார். ஆள் இறந்த வீட்டில்கூட அவனை இத்தனை பேர் கட்டிப்பிடிக்கவில்லை. பிறகு காப்பி மேஜைக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

"பால் விடவா பிரதர்?"

"வேண்டாம். கடுங்காப்பி."

பால் வாங்குவது அவள் வேலையாக இருந்தது. அவள் போனதிலிருந்து அவன் வீட்டுக்குள் பால் வரவில்லை.

கூடம் ஒருகாலத்தில் சோபா விற்ற கிடங்கு. சோபா வியாபாரம் படுத்ததும் சபை வந்தது. சுவர் முழுக்கக் கறுப்பு. மேடையின் பின்னால் பெரிய திரையில் நொடிகள் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தன. ராக்கெட் விடப்போகிறார்கள் போல ஜனங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூஜ்யம் வந்ததும் விளக்குகள் அணைந்து, மேடையில் இருந்து புகை கிளம்பியது. அவன் தொழில் பழக்கத்தில் கூரையைப் பார்த்தான். புகை கண்டுபிடிக்கும் கருவிகள் எல்லாவற்றுக்கும் பாலிதீன் பை கட்டியிருந்தது.

"பரிசுத்த ஆவி இறங்கற நேரத்துல மணி அடிச்சா நல்லா இருக்காதில்ல," என்று பக்கத்தில் இருந்தவர் விளக்கினார்.

டிரம்ஸ்காரரை முதலில் தேடினான். சுருட்டை முடி உண்மைதான். ஆனால் ஆளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். உள்ளே அவர் கையையும் காலையும் ஆட்டிக்கொண்டிருந்தது மீன் தொட்டியில் எதையோ பிடிக்க முயல்வது போல இருந்தது. "சத்தம் ஜாஸ்தியாம், அதான் பூட்டி வச்சிருக்காங்க," என்றாள் கூட வந்திருந்த மச்சினி. இத்தனை காலம் இந்தத் தொட்டியை நினைத்தா வயிறெரிந்தோம் என்று அவனுக்குத் தன்மேலேயே கொஞ்சம் கோபம் வந்தது.

முதல் பாட்டு குதிப்பதற்கு. திரையில் "குதியுங்கள்" என்று எழுத்து வந்தது, குதித்தார்கள். இரண்டாவது பாட்டு கையைத் தூக்குவதற்கு. மூன்றாவது பாட்டுக்கு முன்பு விளக்கு நீலமாகியது. தோளில் பை மாட்டிய தொண்டர்கள் வரிசைக்கு வரிசை காகிதக் கைக்குட்டை கொடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் இன்னும் அழ ஆரம்பித்திருக்கவில்லை.

பிறகு அந்தக் குரல் வந்தது.

அவன் தினமும் குரல்களோடு வேலை செய்கிறவன். "கதவு மூடுகிறது" என்று லிஃப்டுக்குள் ஒரு பெண் சொல்வாள். ஒரு கட்டடத்தில் கிழவர் ஒருவர் ஒவ்வொரு முறையும் அவளுக்கு "தேங்க்ஸ்மா" சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். எங்கோ ஒரு அறையில், தண்ணீர் குடித்துவிட்டு, ஒருத்தி நின்று பேசிய குரல் அது என்று அவனுக்குத் தெரியும். குரல் என்று ஒன்று இருந்தால் அதற்குத் தொண்டை என்று ஒன்று இருந்தே தீரும். இந்தத் தொண்டை அவனுக்குத் தெரிந்தது. பாட்டு மேலே ஏறுவதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு, படி ஏறும்போது புடவையையோ பையையோ சரிசெய்துகொள்வது போல. சமையலறையில் முனகும்போதும் அதே மூச்சுதான்.

"தூதர்! தூதர்!" என்று கூடம் முனகியது. எத்தனையோ கைகள் மேலே போயின.

பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணீர் வழியத் திரும்பி, "உங்களுக்கும் கேக்குதா பிரதர்?" என்றாள்.

"கேக்குது."

"எல்லாருக்கும் கேக்காது. அதுக்கு ஒரு கிருபை வேணும்."

அவள் அழுதாள். முன்னால் இருந்த காலேஜ் பையன்கள் அழுதார்கள். அவன் மனைவியை அறியாத, அவளோடு ஒரு வேளை சாப்பிட்டிராத நூற்றுக்கணக்கான பேர் அழுதார்கள். அவன் மடியில் காகிதக் கைக்குட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. இப்படி வயிறெரிந்தது அவனுக்கு அவள் இருந்தபோதுகூட இல்லை.

அடுத்து, தனக்கு நடந்த நன்மையைச் சொல்லும் சாட்சி நேரம். ஒரு கண்ணாடிக் கடைக்காரர் மேடைக்கு வந்தார். அவருக்கு எதிரே சிவப்பு எண்களில் நேரம் ஓட ஆரம்பித்தது.

"பல வருஷமா எனக்குத் தூக்கம் இல்ல. எத்தனையோ டாக்டர். அன்னிக்குத் தூதரோட குரலைக் கேட்டேன். அன்னிலேர்ந்து படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன். என் வீட்டுக்காரி கேக்கறா, என்னங்க இப்படிக் குறட்டை விடறீங்கன்னு. அல்லேலூயா!"

கூடம் எழுந்து நின்று குறட்டைக்குக் கைதட்டியது. லிஃப்ட்காரன் மழைக்காலத்தில் இருந்து சரியாகத் தூங்கியதில்லை. அவன் மனைவியின் குரலில் இன்னொருவன் குறட்டை விடுகிறான். அதைக் கேட்க அவனுக்கு ஒரு வீட்டுக்காரியும் இருக்கிறாள்.

கடைசியில் தலைமைப் பாஸ்டரும் அவர் மனைவியும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். வயது நாற்பதுகளில் இருந்தது, கிழிந்த ஜீன்ஸ் இருபதுகளில் இருந்தது. ஒரு வாக்கியத்தை அவர் ஆரம்பித்தால் அந்த அம்மாள் முடித்தார். "என் மனைவிதான் எனக்கு ஆண்டவர் கொடுத்த..." "...மிகப்பெரிய பரிசு!" என்று தன்னைப் பற்றித் தானே முடித்தார். லிஃப்ட்காரன் எழுந்து வெளியே போய் நின்றான்.

ஆராதனை முடிந்ததும் மச்சினி அவனைப் பாஸ்டரின் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி அறை. மூலையில் உடற்பயிற்சிக்கு ஓடும் இயந்திரம் ஒன்று இருந்தது. பாஸ்டர் அதில் மெதுவாக நடந்துகொண்டே பேசினார். பேசப் பேச முன்னால் வருவது போல இருக்கும், வரமாட்டார்.

"அந்தக் குரல் என் மனைவியோடது," என்றான் அவன்.

பாஸ்டர் இயந்திரத்தை நிறுத்தினார். "அருமையான சகோதரி! நாங்க எவ்வளவு இழந்துட்டோம் தெரியுமா பிரதர்? ஆனா முதல்ல ஒண்ணு தெளிவு. நாங்க ஒருநாளும் அதைத் தூதர்னு சொன்னதில்ல. ஜனங்க சொன்னாங்க. நாங்க ஆமென்னு மட்டும்தான் சொன்னோம்."

"பனியன்ல போட்டு விக்கறீங்களே," என்றாள் மச்சினி.

"கேள்விக்குறியோட போட்டிருக்கோம். நல்லா பாருங்க."

மச்சினி வெளியே தொங்கிய பனியனை எட்டிப் பார்த்தாள். 'தூதரைக் கேட்டாயா?' என்று இருந்தது. கேள்விக்குறி உண்மையிலேயே இருந்தது.

"இப்ப யோசிங்க பிரதர். உங்க மனைவி எங்க இருக்காங்க?"

அவன் அடக்கம் செய்த இடத்தின் பெயரைச் சொல்ல வாயெடுத்தான்.

"பரலோகத்துல," என்று பாஸ்டரின் மனைவி முடித்தார்.

"பரலோகத்துல பாடறவங்க யாரு? தூதர்கள். அப்ப இதுல எங்க பொய் இருக்கு?"

"எனக்கு ஒரு நகல் வேணும். அவ குரல் மட்டும்."

பாஸ்டரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்தப் பாதியை யார் சொல்வது என்று முடிவு செய்வது போல இருந்தது.

"அது கஷ்டம் பிரதர். இந்தக் கூடத்துல ஒலிச்சா அது தூதர். உங்க போன்ல ஒலிச்சா, யாரோ ஒரு பொண்ணு பாடறா. நாலு பேருக்கு அனுப்புவீங்க..."

"...நாப்பது பேருக்குப் போகும்," என்றார் மனைவி.

"யாருக்கும் அனுப்ப மாட்டேன். நான் மட்டும்தான் கேப்பேன்."

"அது இன்னும் மோசம். சபையோட காணிக்கையை ஒரு ஆள் தனியா வச்சுக்கறது. அதுக்குப் பேர் என்ன தெரியுமா? பொறாமை."

"ஆமா," என்றான் அவன்.

அந்த அறையில் இதற்குமுன் யாரும் ஆமாம் என்று சொன்னதில்லை போலிருக்கிறது. பாஸ்டர் இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பிறகு முகம் மலர்ந்தது. "ஒப்புக்கொண்டீங்க பாருங்க! அதுதான் முதல் படி. அடுத்த படிக்கு ஒரு வகுப்பு இருக்கு. அதை முடிச்சா ஊழியத்துல சேரலாம். ஊழியத்துல இருக்கறவங்கதான் சவுண்ட் ஆளுங்ககிட்டப் பேச முடியும். அப்புறம் பாப்போம்."

லிஃப்ட்காரன் வகுப்பில் சேர்ந்தான். வகுப்பில் சபையின் வரலாற்றைச் சொன்னார்கள். அது பெரும்பாலும் பாஸ்டரின் வரலாறாக இருந்தது. முடிந்ததும் அவனைக் கார் நிறுத்துமிடத்து ஊழியத்தில் போட்டார்கள். வெயிலில் ஒளிரும் குச்சியை ஆட்டினான். வருகிற கார்களைப் பார்த்து, யாரோ வேறொருவனின் வாயால், "வீட்டுக்கு நல்வரவு" என்றான்.

"அக்கா இருந்தப்ப ஒரு ஞாயித்துக்கிழமை கூட வராத ஆளு," என்றாள் மச்சினி, "இப்ப டிராஃபிக் போலீஸ் மாதிரி நிக்கறீங்க. அவ பாத்தா விழுந்து விழுந்து சிரிப்பா."

"வேலையா நிக்கறேன்."

"அப்படியே மூஞ்சைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சுக்குங்க மாமா. கார்க்காரங்க பயந்து திரும்பிப் போறாங்க."

கார் நிறுத்துமிடத்தில் இருந்து கூடத்துக்குள் போவதற்கு எத்தனை காலம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவனைக் காப்பாற்றியது பாஸ்டரின் லிஃப்ட். தூதருக்காகத் தனியாக ஒரு பெரிய ஞாயிற்றுக்கிழமை வைக்க முடிவாகியிருந்தது. அன்று பாஸ்டர் மேடைக்கு நடந்து வரமாட்டார். புகைக்கு நடுவே, தரைக்குள் இருந்து மேலெழும்பி வருவார். அதற்காகப் போட்ட சின்ன லிஃப்ட், ஒத்திகையில் பாஸ்டரை இடுப்பளவு உயர்த்திவிட்டு நின்றுகொண்டது. மேலும் போகவில்லை, கீழும் வரவில்லை. பாதிப் பாஸ்டர் மேடைமேல் நின்று, "யாராவது ஜெபம் பண்ணுங்க!" என்று கத்தினார். பண்ணினார்கள். அது நகரவில்லை. கார் நிறுத்துமிடத்தில் இருந்து லிஃப்ட்காரனைக் கூட்டி வந்தார்கள். அவன் ஒரு கம்பியை இறுக்கினான். நகர்ந்தது. இதை விசுவாசத்தின் வெற்றி என்று அடுத்த வாரம் மேடையில் அறிவித்தார்கள்.

லிஃப்டின் பொத்தான் சவுண்ட்காரரின் மேஜையில் இருந்தது. அதனால் லிஃப்ட்காரனுக்கு அங்கே ஒரு நாற்காலி கிடைத்தது. பெரிய ஞாயிற்றுக்கிழமைக்கு அவனுக்குச் சொல்லப்பட்ட வேலை சுருக்கமானது: தூதர் பாட்டு தொடங்குவதற்கு முன் பாஸ்டரை ஏற்ற வேண்டும், எல்லாம் முடிந்ததும் இறக்க வேண்டும்.

சவுண்ட்காரர் குண்டான, தூக்கக் கலக்கமான ஆள். காதுகளில் எப்போதும் பெரிய ஹெட்ஃபோன். அவர் சபையைப் பற்றி எந்த ரகசியமும் வைத்துக்கொள்ளவில்லை.

"எல்லாப் பாட்டும் கம்ப்யூட்டர்ல இருந்துதாண்ணே போகுது. மேடையில பாடறவங்க அதுமேல பாடறாங்க. அவங்க சத்தத்தைக் கூட்டினேன்னா ஜனங்க பாதி வாசலுக்குப் போயிடுவாங்க. அண்ணி குரல் மட்டும்தான் நான் கூட்டி வைக்கிறது."

"நீங்கதான் பதிவு பண்ணீங்களா?"

"பின்னே? பின்னாடி அந்தச் சின்ன ரூம்ல. நல்லா சிரிப்பாங்கண்ணே. ஒரே தடவையில பாடி முடிச்சாங்க. பாட்டுக்கு அப்புறம்கூட ஏதோ கொஞ்சம் பேச்சு இருக்கு. வெட்ட நேரம் இல்ல, பாட்டு முடிஞ்சதும் ஒவ்வொரு வாரமும் மியூட் போட்டுடுவேன்."

லிஃப்ட்காரன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்தான். "என்ன பேச்சு?"

"யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"ரூம்ல வேற யார் இருந்தா?"

"நான். அப்புறம் டிரம்மர்."

மீன் தொட்டி மறுபடி உயிர் பெற்றது. "நான் கேக்கலாமா?" என்றான், முடிந்தவரை சாதாரணமாக.

சவுண்ட்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். "தனியா யாருக்கும் கேக்க வைக்கக்கூடாதுன்னு என்கிட்ட எழுதி வாங்கியிருக்காங்கண்ணே. பாஸ்டர் சொன்னா போடறேன். அவர் மட்டும் சொல்லட்டும்."

பாஸ்டர் சொல்லப்போவதில்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து லிஃப்ட்காரனுக்குப் பாட்டு பெரிதாகத் தெரியவில்லை. பாட்டு ஜனங்கள் எல்லாரும் கேட்பது. அவள் பாடி முடித்த பிறகு, சிரிக்கிற அறையில், சுருட்டை முடிக்கு முன்னால் என்ன சொன்னாள்?

தூதர் ஞாயிறு வந்தது. நிற்க இடமில்லை. கண்ணாடிக் கடைக்காரர் குறட்டைச் சாட்சியை மறுபடி சொன்னார். இந்த முறை அவர் மனைவியும் மேடையேறிக் குறட்டையை உறுதி செய்தார். அழுவதற்கான நீல விளக்கு வந்தது. லிஃப்ட்காரன் பொத்தானை அழுத்தினான். புகைக்கு நடுவே பாஸ்டர் கைகளை விரித்தபடி சீராக மேலே வந்தார்.

பாட்டு ஆரம்பித்து, ஏறி, உச்சிக்குப் போனது. பாஸ்டர் கண்களை மூடிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் அழுகை அவரை எங்கோ கொண்டுபோய்விட்டது.

"எல்லாத்தையும் நிறுத்துங்க!" என்று மைக்கில் கத்தினார். "டிரம்ஸ் வேண்டாம்! கிடார் வேண்டாம்! மனுஷக் குரல் எதுவும் வேண்டாம்! தூதர் மட்டும்! தூதர் மட்டும்!"

சவுண்ட்காரர் லிஃப்ட்காரனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மற்ற ஒலிகளைக் குறைக்கும் கட்டைகளையெல்லாம் கீழே இழுத்தார்.

கூடத்தில் அவள் மட்டும் இருந்தாள். அந்தச் சின்ன மூச்சு கூரைவரை கேட்டது. கடைசி வரியை அவள் மெதுவாக இறக்கி வைத்தாள். பாட்டு முடிந்தது. சவுண்ட்காரரின் விரல் மியூட்டுக்குப் போனது.

"நிறுத்தாதே!" என்றார் பாஸ்டர், கண்ணைத் திறக்காமல். "தூதரை நிறுத்தாதே! இன்னும்! இன்னும்!"

சவுண்ட்காரர் கீழ்ப்படிகிறவர். விரலை எடுத்துவிட்டார்.

நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. பிறகு தூதர் பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா. முடிஞ்சுதா? நின்னு நின்னு கால் வலிக்குதுண்ணா. சீக்கிரம் விடுங்க, பால் வாங்கிட்டுப் போகணும். எங்க வீட்டு உம்மணாமூஞ்சி கடுங்காப்பியைக் குடிச்சிட்டு எனக்காக உக்காந்திருக்கும்." ஒரு சிரிப்பு. "அதுகூட உக்காந்து ஒரு காப்பி குடிச்சாத்தான் எனக்கு ஞாயித்துக்கிழமையே."

அதோடு பதிவு முடிந்தது.

கூடத்தில் ஒரே ஒரு ஆள் சிரித்தாள். மச்சினி. நடுவரிசையில் இருந்து வெடித்துக் கிளம்பிய சிரிப்பு, பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. பாஸ்டர் கண்ணைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாளால் இதை முடித்துக்கொடுக்க முடியவில்லை. ஆனால் பாஸ்டர் பல வருடமாக மேடையில் நிற்பவர்.

"கேட்டீங்களா?" என்றார் மெதுவாக. "தூதர் பேசினார். நமக்குத் தூதர் பேசினார்! கால் வலிக்குதுன்னு சொன்னார். ஏன் வலிக்காது? நம்ம ஒவ்வொருத்தர் வீட்டு வாசல்லயும் காவல் நிக்கற கால் அது!"

"ஆமென்!" என்றது கூடம், நிம்மதியோடு.

"பால்னு சொன்னார். குழந்தைங்க மாதிரி நமக்கு வேண்டிய ஞானப்பால்! அப்புறம் என்ன சொன்னார்? வீட்டுல ஒருத்தர் நமக்காகக் காத்திருக்கார்னு சொன்னார். முகம் வாடிக் காத்திருக்கார். நம்மகூட உக்காரணும்னு காத்திருக்கார். யார் அது? சபையே, சொல்லுங்க! முகம் வாடிக் காத்திருக்கறது யார்?"

"ஆண்டவர்!" என்று கூடம் அதிர்ந்தது.

"நான்," என்றான் லிஃப்ட்காரன்.

யாருக்கும் கேட்கவில்லை.

"இன்னும் சத்தமா! யார் அந்த உம்மணாமூஞ்சி?"

"ஆண்டவர்! ஆண்டவர்!"

"நான்," என்று அவன் எழுந்து நின்று கையைத் தூக்கினான். வகுப்பில் முதல் வரிசையில் இருந்து பதில் தெரிந்தவன் தூக்குவது போலத் தூக்கினான். "அது நான். என்னைத்தான் சொன்னா."

குரல் உடைந்திருந்தது. கன்னத்தில் ஏதோ ஓடியது. துடைத்துப் பார்த்த பிறகுதான் என்னவென்று தெரிந்தது.

தூக்கிய கைகளை எண்ணுவதற்கு அந்தச் சபையில் தனிக் குழு உண்டு. அழுதுகொண்டே கை தூக்குகிறவனை அவர்கள் எந்தக் கூட்டத்திலும் தவறவிடுவதில்லை. இருவர் ஓடி வந்தார்கள். ஒருவர் அணைத்தார். இன்னொருவர் பரிசுப் பை ஒன்றைக் கையில் திணித்தார். திரையில், 'இன்று ஒரு ஆத்துமா இரட்சிக்கப்பட்டது' என்று பூ தூவியபடி எழுத்து வந்தது. கூடம் அவன் பக்கம் திரும்பிக் கைதட்டியது.

எல்லாம் முடிந்ததும் பாஸ்டரை இறக்க வேண்டும் என்பது அவனுக்குச் சொல்லப்பட்டிருந்த வேலை. அவனைப் பொறுத்தவரை எல்லாம் முடிந்திருந்தது. பொத்தானை அழுத்தினான். அடுத்த வாரம் பால் ஞாயிறு என்று அறிவித்துக்கொண்டிருந்த பாஸ்டர், வாக்கியத்தின் நடுவே, சீராகக் கீழே போனார். முழங்கால் மறைந்தது, இடுப்பு மறைந்தது. கடைசியாக மைக் பிடித்த கை மறைந்தது.

"என்ன ஒரு தாழ்மை!" என்று கிருபை உள்ள அம்மாள் விம்மினாள்.

அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது சவுண்ட்காரர் கையைப் பிடித்தார். உள்ளங்கையில் ஒரு சின்ன பென்டிரைவை வைத்து மூடினார்.

"பாட்டைக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லண்ணே. பாட்டு சபையோடது. ஆனா இது பாட்டு இல்லையே. கடைசிப் பேச்சு மட்டும்தான். இதைக் குடுக்கக்கூடாதுன்னு யாரும் என்கிட்ட எழுதி வாங்கல."

வாசலில் டிரம்ஸ்காரர் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூண்டுக்கு வெளியே இன்னும் சின்ன ஆளாகத் தெரிந்தார்.

"நீங்கதானா அந்த உம்மணாமூஞ்சி?" என்றார். "வேற பேச்சே இருக்காதுங்க அவங்களுக்கு. எங்களுக்கெல்லாம் ஒரே பொறாமையா இருக்கும்."

லிஃப்ட்காரன் அவரை ஒருதரம் பார்த்தான். பிறகு, அந்தச் சபையில் முதல்முறையாக, அவனாக ஒருவரைக் கட்டிப்பிடித்தான்.

தெருமுனைக் கடையில் கூட்டமில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் நின்று வந்த கடை. கடைக்காரருக்கு இருவரையும் தெரியும், சாவுக்கும் வந்திருந்தார்.

"ஒரு பால் பாக்கெட் குடுங்க."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன தம்பி, அதிசயமா இருக்கு. யாராவது விருந்தாளி வந்திருக்காங்களா?"

"இல்லண்ணே," என்றான் லிஃப்ட்காரன். "வீட்ல வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

கடைக்காரர் குளிர்பெட்டியின் அடியில் கைவிட்டு, நல்ல பாக்கெட்டாகப் பார்த்து எடுத்து, ஈரத்தைத் துடைத்துக் கொடுத்தார்.